நாய்ச் சண்டைக்கு ஒரு கம்பளி

மதுரையில் நாய்ச் சண்டையை விலக்கத் தெரிந்த ஒரே மனிதர் கம்பளி அண்ணன்தான். மற்றவர்கள் எல்லாம் விலக்குகிறேன் என்று போய்ச் சண்டையில் சேர்ந்துகொண்டவர்கள்.

முனிச்சாலைப் பக்கம் எங்கள் தெருமுனையில் அவருடைய இஸ்திரி வண்டி நிற்கும். துணி தேய்க்க விரித்திருக்கும் கனத்த கம்பளிதான் அவர் ஆயுதம். உறுமல் கேட்டால் போதும், அதை உருவிக்கொண்டு ஓடி, கடித்துக்கொள்ளும் இரண்டு நாய்களின் மேலேயும் வீசுவார். கண் இருட்டியதும் நாய்கள் குழம்பிப் பிடியை விடும். அந்த நொடியில் ஒரு நாயின் பின்னங்கால்கள் அவர் கையில் இருக்கும். இன்னொன்றின் பின்னங்கால்கள், பக்கத்தில் எவர் நிற்கிறாரோ அவர் பொறுப்பு.

ஒருமுறை அப்படி நின்றவர், கல்யாண மண்டபத்துக்கு முன் காரை விட்டு இறங்கிய மாப்பிள்ளை.

“மாப்ள, நீங்க கறுப்பன இழுங்க. நான் செவலையப் பாத்துக்கிறேன்.”

“அண்ணே, எனக்கு முகூர்த்தம்…”

“அதுக்கு இன்னும் அரை மணி கெடக்கு. நாய்க்கு அம்புட்டு நேரம் இல்ல. ம், தூக்குங்க! தள்ளுவண்டிய இழுக்குற மாதிரி அப்படியே பின்னாடி வாங்க!”

கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை நாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்து, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் உறைந்து போனார்கள்.

அன்றே அண்ணன் மண்டப மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். “மனுசனுக்கே நாலு பந்தி போடுறீங்க. எச்சிலைய ஒரே குப்பையாக் கொட்டுனா அதுக அடிச்சுக்காதா?” மறுநாளிலிருந்து எச்சில் இலைகள் மண்டபத்தின் இரண்டு கோடியிலும் தனித்தனியாக விழுந்தன. கிழக்கே வருபவை மாப்பிள்ளை வீட்டு நாய்கள், மேற்கே பெண் வீட்டு நாய்கள் என்று அவரே பிரித்து வைத்தார். அதன்பின் அந்த மண்டபத்தில் சம்பந்திகள் மட்டும்தான் சண்டை போட்டார்கள்.

தவறும் நடந்ததுண்டு. ஒருநாள் அவசரத்தில் அவர் உருவியது கம்பளியை அல்ல, தேய்க்க வந்த பட்டு வேட்டியை. கிழிந்த சரிகையைத் தூக்கிப் பிடித்து உடையவர் அலறினார். “என்னய்யா இது?” அண்ணன் ஆறுதலாகச் சொன்னார்: “நாய் ரெண்டும் நல்லாருக்குங்க.”

அவருக்கு ஒரே சட்டம்: கை உள்ளே போகக் கூடாது. “கடிக்கிற நேரத்துல நாய்க்கு ஓனரு கைன்னும் தெரியாது, எதிரி காதுன்னும் தெரியாது.” இத்தனை சண்டையிலும் ஒரு கடி கூட வாங்கியதில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை என்பது தெருவுக்கே தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். அன்று காலை என் நாய் ராஜா வழியனுப்ப என் பின்னாலேயே வந்தான். கறிக்கடை நாய் அவன் மேல் பாய்ந்தது. படித்த புத்தி எங்கே போனதோ! ராஜாவை இழுக்க, அவன் கழுத்துப் பட்டைக்குக் கையை நீட்டிவிட்டேன்.

யாரோ என் கையை வெடுக்கென்று பிடுங்கித் தள்ளினார்கள். ரோட்டில் விழுந்தேன்.

“கூறுகெட்டவளே! எழுதுற கையவா உள்ள விடுவ?”

கம்பளி விழுந்தது. கறிக்கடைக்காரர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். நாய்கள் பிரிந்தன.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு! மணி அடிச்சிருவாய்ங்க!”

ஓடினேன். பரீட்சை அறையில் டீச்சர் பதறிப்போய்க் கேட்டார்: “என்னம்மா, தாவணியெல்லாம் ரத்தம்?”

குனிந்து பார்த்தேன். கை, முழங்கால், முழங்கை எல்லாம் தேடினேன். ஒரு கீறல் இல்லை. அப்படியானால் இது யாருடைய ரத்தம்?

அந்தக் கேள்வியோடே எல்லாக் கணக்கையும் எழுதினேன்.

முடிந்ததும் தெருமுனைக்கு ஓடினேன். வண்டியில் கரி அணைந்து கிடந்தது. “பெரியாஸ்பத்திரிக்குப் போனாரு” என்றார் டீக்கடைக்காரர்.

அங்கே நாய்க்கடி ஊசி வரிசையில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“இஸ்திரிப் பெட்டி சுட்டுருச்சு ஆத்தா.”

“இது நாய்க்கடி வரிசைண்ணே.”

சுற்றும் முற்றும் பார்த்தார். “வெளிய சொல்லிராத. பேரு போயிரும்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கணக்கு எப்பிடி எழுதுன?”

“எல்லாத்தையும் எழுதிட்டேண்ணே.” அழுகை வந்துவிட்டது.

“அப்பச் சரி” என்று வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இஸ்திரிப் பெட்டி சுட்டது என்றே சொல்லி வந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே, நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த கை, இன்று உண்மையை எழுதாமல் இருக்க மாட்டேன் என்கிறது.