பேதி உப்பும் சுண்ணாம்பும்

அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சை. வெலிலே குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மாட்டுப்பட்டி ஓரமாக நின்ற நாலு கஞ்சாச் செடிகளும் நேற்று வரை நன்றாகத்தான் இருந்தன.

மனைவி நோமவேது மகள் பூம்லாவின் பிரசவத்துக்காக டர்பன் போயிருந்தாள். கிளம்பும்போது, "பூம்லா அப்பா, இந்த நாலையும் உங்க பொறுப்புல விட்டுட்டுப் போறேன். தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்" என்றாள்.

தென்னாப்பிரிக்காவின் இந்த லூசிகிசிகி பக்கத்தில் இந்தச் செடி பெண்கள் கையில்தான் வளரும். நோமவேது இலையை அரைத்து முழங்காலில் பூசுவாள், ஆவி பிடிப்பாள், கோழிக்குச் சீக்கு வந்தாலும் ஒரு கிள்ளு போடுவாள். வெலிலேயோ வாழ்நாளெல்லாம் தங்கச் சுரங்கத்தில் இருந்துவிட்டு, டிசம்பருக்கு டிசம்பர் விருந்தாளி மாதிரி வந்து போனவர். இப்போது வேலையை விட்டு வீட்டோடு வந்தும், அவள் எதையும் அவரிடம் ஒப்படைத்ததில்லை. இதுதான் முதல் தடவை. இதையும் கோட்டை விட்டால் காலம் முழுக்க விருந்தாளிதான்.

சுரங்கத்தில் கூட வேலை பார்த்த கோபானியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பேதி உப்பு குடு," என்றார் கோபானி.

"செடிக்கா?"

"சுரங்கத்துல நமக்கு எந்தச் சீக்கு வந்தாலும் என்னடா குடுத்தாங்க?"

"பேதி உப்பு."

"யாராவது செத்தானா?"

"மாசிலா செத்தான்."

"அவன் மேல பாறை விழுந்துச்சுடா."

உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டைக் குடைந்து பார்த்துவிட்டு, வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு லுலாமாவிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல பேதி உப்பு எங்கம்மா இருக்கு?"

"மாவு டின்னுக்குப் பின்னால, அண்ணே. ஏன், வயிறு சரியில்லையா?"

"ஆமா," என்றார். செடியைப் பற்றிச் சொன்னால் டர்பனுக்குச் செய்தி போய்விடும். சாயங்காலம் லுலாமா சோளக்கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

ஒரு கரண்டி போதும் என்றுதான் கோபானி சொல்லியிருந்தார். வெலிலே செடிக்கு ஒரு கைப்பிடி போட்டார். சில நாளில் நுனிக் கொழுந்தெல்லாம் சுருண்டு, பீடி நெருப்புப் பட்டதுபோல் பொட்டுப் பொட்டாகக் கருகியது.

"பேதி ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் கோபானி. "எலும்பு தளர்ந்து போச்சு. சுண்ணாம்பு குடு."

மறுபடி வேலியோரம்.

"லுலாமா, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு எங்க வெச்சிருக்கா?"

"கோழிக்கூண்டுக்கு மேல." அவள் அவர் வயிற்றைப் பார்த்தாள். "அண்ணே, அதைக் குடிக்கக் கூடாது."

அரை வாளி கரைத்து ஊற்றினார். மண் வெள்ளையாகக் கட்டி தட்டிப்போனது. இலைகள் முன்னைவிட வேகமாக மஞ்சளாயின.

மினிபஸ் பிடித்து டவுனுக்குப் போய் உரக்கடையில் கேட்டார். கடைக்காரம்மா பொறுமையாகவே சொன்னாள்: "இது நம்ம மண்ணோட சீக்கு. மழை சத்தை எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுது. அடி இலை மஞ்சளானா மெக்னீசியம் இல்லை. நீங்க போட்ட உப்புல அதுதான் இருக்கு. கொழுந்து கருகினா கால்சியம் இல்லை. அது சுண்ணாம்புல இருக்கு. ரெண்டும் வேணும். ஆனா ஒண்ணை அள்ளிப் போட்டா, அது இன்னொண்ணை வேருக்குள்ள விடாது."

வெலிலேக்குச் சட்டென்று விளங்கியது. "சுரங்கத்துக்குள்ள ஆளை இறக்குற லிஃப்ட் கூண்டு மாதிரி. ஒரே கூட்டம் முண்டியடிச்சு ஏறினா அடுத்தவன் வெளிய நிக்கணும்."

"அதேதான். நிறையத் தண்ணி விட்டு மண்ணை அலசுங்க. அப்புறம் சும்மா இருங்க."

"சும்மான்னா?"

"சும்மா."

அதுதான் அவருக்குத் தெரியாத வேலை. மண்ணை அலசினார், உட்கார்ந்தார், எழுந்தார். வீட்டில் ஒவ்வொரு பொருளும் அவரைக் கேட்காமலே தன் இடத்தில் இருந்தது. மகள் நடை பழகியதும், கூரை மாற்றியதும், நோமவேதுவுக்கு முழங்கால் வலி தொடங்கியதும் கடிதத்தில் வந்த செய்திகள். இந்தச் செடிகள் வாடுவதை மட்டும்தான் அவர் கிட்ட இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயிர் ஊத்து," என்றார் கோபானி. "ரெண்டு சத்தும் இருக்கு, உடம்புக்கும் குளிர்ச்சி."

ஊற்றினார். ஊர் நாய்கள் எல்லாம் வந்து மண்ணைத் தோண்டி நக்கின. ஒரு செடி அடியோடு சாய்ந்தது. அதை நிமிர்த்தி, குச்சி நட்டு, சுரங்கத்துப் பூட்ஸ் கயிற்றால் கட்டு போட்டார்.

செடிகள் அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் நோமவேது வந்து இறங்கினாள்.

பேரன் யார் ஜாடை என்றுகூட வெலிலே கேட்கவில்லை. "முதல்ல செடியைப் பாரு. அப்புறம் திட்டு," என்றார். உப்பு, சுண்ணாம்பு, தயிர், நாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அவள் வெள்ளை மண்ணைப் பார்த்தாள், பூட்ஸ் கயிற்றைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இத்தனை பாடு பட்டீங்களா?"

"கொன்னுட்டேன், நோமவேது."

"கொல்லலை. இன்னும் உசிரு இருக்கு." அவர் கையைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். "என் செடியை இப்படி யாரு பாத்துப்பா? எனக்கு இது போதும்."

"அடுத்த வருஷமும் என்கிட்டயே விடுவியா?"

"உங்ககிட்டதான்."

வெலிலேயின் தோள் நிமிர்ந்தது. இது என் வீடு என்று, யாரும் சொல்லாமலே, அவருக்குத் தோன்றியது.

அதற்குள் வேலியைத் தாண்டிக்கொண்டு லுலாமா வந்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா அக்கா? ஆத்தங்கரையில இருக்கிற உங்க பொம்பளைச் செடி அத்தனையும் நீங்க சொன்னபடியே பாத்துக்கிட்டேன், ஜம்முனு இருக்கு. ஒண்ணுக்கும் ஆகாத இந்த ஆம்பளைச் செடி நாலையும் இப்பப் பிடுங்கிப் போட்டுடவா, இல்ல அண்ணனுக்குப் பொழுதுபோக இன்னும் கொஞ்ச நாள் வேணுமா?"