பெல்ஜியத்திலிருந்து வந்த சிவப்புக் கார்

வியானா, ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய மைத்துனர் அதெரித்து அவர்களுக்கு,

பெல்மீரு எழுதுவது. லக்சம்பர்க்கில் தாங்களும் குடும்பத்தாரும் சுகம் என்றே நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம், மழைதான் விட்டபாடில்லை. "என் தங்கச்சியப் பாத்துக்க உனக்கு வக்கில்லேன்னா சொல்லு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தாங்கள் அன்புடன் எழுதியது கிடைத்தது. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவன், ஹாரன் சத்தத்துக்குப் பயப்படமாட்டேன். இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தங்கள் தங்கை கிராசியேட், வீட்டுப் படியே இறங்கவில்லை. எங்கள் தெருவின் ஏற்றம் தாங்கள் அறிந்ததே. மீன் சந்தை போச்சு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை போச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். உடனே கம்ப்யூட்டரில் தேடி, பெல்ஜியத்துக் கடையொன்றில், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டிக்கு ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே குழந்தைகள் ஓட்டும் சிவப்புப் பொம்மைக் கார், பொத்தானை அமுக்கினால் பாட்டு வேறு பாடுகிறது! கடைக்கு எழுதினேன். "பொருள் ஒப்படைக்கப்பட்டது, விவகாரம் முடிந்தது" என்றார்கள். கழுதைக்குப் பிறந்தவர்களே என்று எழுதினேன். கால்நடைப் பொருட்கள் அவர்கள் கடையில் விற்பதில்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் அடுத்த வீட்டு ஒடேட், ஐரோப்பாவில் வேறு நாட்டுக் கடையோ விமானக் கம்பெனியோ ஏமாற்றினால் இலவசமாகப் பேசித்தர நம் தலைநகர் லிஸ்பனில் ஒரு அலுவலகம் இருக்கிறது என்றாள். இலவசமாக எவனும் தும்மக்கூட மாட்டான் என்று சொல்லிக்கொண்டேதான் போன் போட்டேன். லியோனில்த் என்றொரு பெண் எடுத்தாள்.

"எவ்வளவும்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது ஐயா. நீங்க கடைக்கு எழுதினது, அவங்க பதில், வந்த பொருளோட படம், இதையெல்லாம் அனுப்பி வைங்க."

"நான் எழுதினது எல்லாமேவா? கொஞ்சம் காரமா இருக்குமே."

"பரவாயில்ல ஐயா, காரத்த எடுத்துட்டுத்தான் நாங்க அனுப்புவோம். ஆனா ஒண்ணு, நாங்க கோர்ட்டு இல்ல. பெல்ஜியத்துல இருக்கிற எங்க ஆளுங்க கடைக்காரங்ககிட்ட எடுத்துச் சொல்வாங்க. அதுக்கு மேல கட்டாயப்படுத்த முடியாது."

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவள் மோசக்காரியாக இருக்க முடியாது என்று பட்டது. கார் எத்தனை சின்னது என்று படத்தில் தெரியட்டுமே என்று நானே அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது சரி, எழுந்திருக்க முடியவில்லை. ஒடேட்டும் தபால்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, கார் பாட, கிராசியேட் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏங்க, அப்படியே சந்தைக்குப் போய் மத்தி வாங்கிட்டு வந்துடுங்க!" எத்தனை மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு! அந்தப் படம்தான் லிஸ்பனுக்குப் போயிற்று.

பெல்ஜியத்தில் பேசினார்கள். பெட்டியில் முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டு, காரைக் கடைச் செலவிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு, சரியான வண்டியை அனுப்பிவிட்டார்கள். போன வியாழன் கிராசியேட் அதில் ஏறிச் சந்தைக்கு இறங்கினாள். இருட்டுகிற நேரத்தில் மீன் வாசனையோடும் ஊர்க்கதையோடும் திரும்பி வந்து, சாப்பிட விடாமல் பேசினாள். ஆகவே தாங்கள் வந்து கூட்டிப்போக வேண்டிய அவசியம் இல்லை. தங்கள் தங்கையை நானே பார்த்துக்கொள்வேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு முத்தமும் சொல்லவும். கர்த்தர் தங்களை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

அன்புள்ள,
பெல்மீரு

பி.கு.: உறையை ஒட்டும்போது கிராசியேட் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். ரயிலில் அந்த வண்டியையும் ஏற்றுவார்களாம், விசாரித்துவிட்டாளாம், கோடை முழுக்கத் தங்களோடுதானாம். நான் வரவேண்டாமாம். கீழ்த்தள அறையைக் காலி செய்து வைக்கவும். மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம்.