குட்டி இருக்கா?

"குட்டி சாப்பிட்டாளா?"

"எங்க? கட்டிலுக்கு அடியில உக்காந்து உங்க செருப்பக் கடிச்சிட்டு இருக்கா. வீடு என்னாச்சுங்க?"

"சாவி வாங்காம வரமாட்டேன் காவ்யா. வை."

சந்திரமௌலி போனை வைத்தான். புனேயின் கராடியில் அவன் ஏறி இறங்கும் பதினேழாவது வீடு இது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு அறை, பால்கனி, கைக்கு எட்டுகிற வாடகை. விடுவதாக இல்லை.

எதிரே வராந்தா நாற்காலியில், எல்லோரும் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் வீட்டுக்காரர் ஜோக்ளேகர் கண்ணாடியை மேலே தள்ளினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரே ஒரு சொல் மட்டும் காதில் விழுந்திருந்தது.

"குத்தி? உங்களிடம் குத்தி இருக்கிறதா?" என்றார் இந்தியில்.

இந்தியில் குத்தி என்றால் பெண் நாய். நாய் வளர்ப்பவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்று பதறினான் சந்திரமௌலி.

"இல்லவே இல்லை காகா! அது என் மகள்."

காகாவின் முகம் சுண்டியது. "பெற்ற பெண்ணையா நாய் என்கிறீர்கள்?"

"ஐயோ, எங்கள் மொழியில் குட்டி என்றால் சின்னது. ஆனைக்குட்டி, பூனைக்குட்டி, நாய்க்குட்டி..."

"மறுபடியும் குத்தி!" காகா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "மொத்தம் எத்தனை?"

காரியம் கெட்டது என்று சந்திரமௌலி எழுந்தே நின்றான். தினமும் ஆபீஸ் வாசலில் தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுகிற அவன், கூசாமல் சொன்னான்: "நாய் என்றாலே எனக்கு ஆகாது காகா. கண்ணில் பட்டால் கல்லெடுப்பேன்!"

காகா விருட்டென்று எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாவி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தான். தாழ்ப்பாள் விழுந்தது.

தரகன் ஜோஷுவா, புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

"க்யா அண்ணா, ஓகே ஆயிடுச்சா?"

"தெரியல. நாய் கிடையாதுன்னு அடிச்சு சொல்லிட்டேன். நாயே பிடிக்காதுன்னும் சொல்லிட்டேன்."

ஜோஷுவா தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அரே அண்ணா! காகா மகன்கிட்ட கனடா போறாரு, அவரோட கிழட்டு நாயைப் பாத்துக்கிற ஆளுக்குத்தான் இந்த வீடே! ஜல்தி அண்ணிக்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல வச்சு நம்ம குட்டிய ஒரேயொரு வாட்டி குரைக்கச் சொல்லுங்களேன்?"