டவுட்டு சாரின் கட்டைவிரல்

சேலையூர் கேம்ப் ரோடு முதல் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை, டவுட்டு சாரின் சந்தேகத்துக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. பால் பாக்கெட்டைத் தராசில் போட்டுப் பார்ப்பார். எட்டு வருடம் அவருக்கு எதிர்வீட்டுக்காரன் நான். லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினால் போதும், "மூணாவது மாடிதானே? நல்லாத் தெரியுமா?" என்பார்.

ரயில்வேயில் கடிகாரம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவர். ஆனாலும் அவர் விடாமல் நடத்திய ஒரே வழக்கு, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் ஆல்ப்ஸ் மலையில் பல நாட்டார் கூடி நடத்திய பனிச்சறுக்குப் போட்டியைப் பற்றியது. ஏதோ பழைய புத்தகத்தில் படித்திருந்தார்.

"ரெண்டாவதா வந்த பொண்ணை ஏமாத்திட்டாங்க சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வாட்ச் புடிச்சவன் எந்த ஊருன்னு புக்குல போடல. ஏன் போடல?"



போன கிறிஸ்துமஸுக்கும் எங்கள் அபார்ட்மென்டில் வழக்கம்போல ஸ்கேட்டிங் போட்டி வைத்தார்கள். மலைக்கு எங்கே போவது? கார் பார்க்கிங் சரிவுதான் ஆல்ப்ஸ். புத்தகத்தைப் பார்த்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டது டவுட்டு சார். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒவ்வொருவராக இறங்க வேண்டும். கீழே ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றதும் அவர்தான்.

என் மகள் ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாக செக்ரெட்டரி மகனுக்கு அடுத்த இடம். இந்த முறை முட்டியெல்லாம் தேய்த்துக்கொண்டு பழகியிருந்தாள். நூலிழையில் ஜெயித்தும் விட்டாள். நான் கைதட்டி முடிப்பதற்குள் டவுட்டு சார் கையை உயர்த்தினார்.

"இது செல்லாது. ரெண்டு பேரும் மறுபடி இறங்கணும்."

"வாட்ச்ல இன்னா சார் கோளாறு?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"வாட்ச் சரியாத்தான் இருக்கு. என் கட்டைவிரல் மேலதான் டவுட்டு. இந்தப் பொண்ணு எனக்குப் பேத்தி மாதிரி. கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே அமுக்கியிருப்பேன்."

"நல்ல பேஜார் சார் உன்னோட" என்று செக்யூரிட்டி அண்ணன் வாட்ச்சை வாங்கிக்கொண்டார். மறுபடி இறங்கினார்கள். ஜெனி இரண்டாவது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஜெனியோ மறுநாளே ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு அவர் கதவைத் தட்டினாள்.

"தாத்தா, டைம் புடிங்க."

"நான் புடிச்சா செல்லாதும்மா."

"தெரியும். நீங்களே புடிங்க."

ஜூன் மாதம் டவுட்டு சாரின் மகன் வந்து அவரைப் புனேவுக்கு அழைத்துப் போய்விட்டான். இப்போது லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினால் கேட்க ஆளில்லை. சரியான வீட்டுக்குத்தான் போகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.