ஹால்தார் குளத்து மீன்

“அத்தான், வீடு போச்சு!” என்று சொல்லிக்கொண்டே படியேறினான் பிரசன்னன்.

கிருஷ்ணநகர் ரோடு ஓவர்சியர் தாரிணி பாபுவின் கையிலிருந்த லூச்சிப் பூரி தட்டில் விழுந்தது.

“ஹைகோர்ட்டுல தீர்ப்பு வந்தாச்சு. சர்க்கார் உத்தியோகஸ்தன் பண்ணின சேதத்துக்கு இனிமே அவன் சொந்தச் சொத்துதான் ஜவாப்பு. ஏலம் போட்டுடுவாங்க!” கல்கத்தாவிலிருந்து வரும் மைத்துனன் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

போன வாரம் வெள்ளத்தில் சர்க்கார் ரோட்டைக் காப்பாற்ற, ஹால்தாரின் குளக்கரையை வெட்டச் சொன்னவர் தாரிணி பாபு. ரோடு பிழைத்தது. மீனெல்லாம் வயலுக்கு வந்துவிட்டது. தெருவே அள்ளியது, நாங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டா நிற்போம்?

ஹால்தாரைச் சமாதானம் பண்ணச் சந்தையில் பெரிய ரோகு மீனாகப் பார்த்து வாங்கி அனுப்பினார். ஹால்தார் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்.

“பாருங்கய்யா! என் குளத்து மீனை எனக்கே சீர் அனுப்பறான்!”

“ஐயோ, இது சந்தை மீன், பாபு!”

“சந்தைக்கு எங்கேருந்து போச்சாம்?”

தாரிணி பாபு கும்பிட்டார். “தப்புதான், மன்னிச்சிடுங்க.”

“எல்லாரும் கேட்டீங்கல்ல? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். கல்கத்தா ஹைகோர்ட்டுக்கே போறேன்!”

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடான எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எல்லாம் கேட்டது.

“உமேஷ் வக்கீலைக் கேட்டா என்ன?”

“வினையே வேணாம் அத்தான்! அவர் ஹால்தாரோட வக்கீல். பேசாம வீட்டை வேற பேருக்கு மாத்திடுங்க.”

இது எங்கள் ஊரில் புதிதல்ல. இங்கே பாதிப் பேர் மற்றவர் பெயரிலுள்ள வீட்டில்தான் தூங்குகிறார்கள்.

“உங்கக்கா பேருக்கு?”

“பொண்டாட்டி பேரைத்தான் கோர்ட்டு முதல்ல தோண்டும்.”

“அப்ப உன் பேர்லதான் எழுதணும்டா,” என்றாள் அக்கா குசுமகுமாரி.

“என்னை ஏங்க்கா இதுல இழுக்கறே? எனக்கு எதுக்கு இந்த வம்பு?”

புருஷனும் பெண்டாட்டியும் கெஞ்சி, அழுது, சம்மதிக்க வைத்தார்கள்.

மறுநாள் பத்திரம் பதிவாயிற்று. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உமேஷ் வக்கீல் எதிரே வர, தாரிணி பாபு குடையால் முகத்தை மறைத்தார்.

“என்ன ஓவர்சியர் பாபு, ஒளியறீங்க? நல்லெண்ணத்தோட வேலையைச் செஞ்ச உத்தியோகஸ்தன்மேல வழக்கே செல்லாதுன்னு ஹைகோர்ட்டு சொல்லிடுச்சே! ஹால்தாரையும் அடங்கச் சொல்லிட்டேன். உங்க மச்சினன் ஊருக்கு வந்த அன்னிக்கே என்கிட்ட வந்து, அந்தத் தீர்ப்பை ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானே உங்க வீட்டுக்கு வந்தான்?”