நாய்க்கால் கல்லும் மூன்று பிரதிகளும்

தெருவில் கிடக்கிற செங்கல் ஒன்றைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தால் ஊர் உங்களைப் பைத்தியம் என்று சொல்லும். அதே செங்கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு குட்டி விளக்கையும் போட்டுவிட்டால், "ஆஹா, என்ன ரசனை!" என்று சொல்லும். என் அக்கா வீட்டுக் கூடத்தில் இப்படி முப்பத்திரண்டு ரசனைகள் இருக்கின்றன. பல் டாக்டர் வீடாயிற்றே, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பல் டாக்டர்தான் என் அத்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் தெருக்களில் பதித்த செங்கற்களைச் சேர்க்கிறார். அவர் மட்டுமா? எங்கள் ஊரில் கொஞ்சம் வசதி வந்த எல்லோருக்கும் இப்போது இதே வியாதி. காலுக்குக் கீழே வழவழப்பான பளிங்கு, கண்ணாடிக்குள்ளே செங்கல். பழஞ்செங்கல் ஆர்வலர் கழகம் என்று ஒரு சங்கம்கூட உண்டு. அதில் ஒரு விதி. ஏதாவது ஒரு பிராணியின் கால்தடம் பதிந்த கல் வைத்திருப்பவர்களுக்குத்தான் முன்வரிசை நாற்காலி. மற்றவர்களுக்குப் பின்னால் பெஞ்சு. ஈரக் கல்லைக் காயப் போட்டிருக்கும்போது நாயோ பூனையோ மிதித்துவிட்டுப் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் சூளையில் வைத்துச் சுட்டிருப்பார்கள். அன்றைக்கு அந்தத் தொழிலாளி வாங்கிய திட்டு என்னவோ, இன்றைக்கு அது பொக்கிஷம்.

அத்தான் பதினோரு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டுக் கண் டாக்டர் சேர்ந்த முதல் வருஷமே எங்கிருந்தோ ஒரு பூனைக்கால் கல்லைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் போய் அமர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எழுநூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் பழைய செங்கல் தெருவைப் பெயர்த்துவிட்டுத் தார் போடப் போகிறார்களாம். கேட்பவர்களுக்குக் கல் இலவசமாம். நகராட்சி அலுவலக வாசலுக்கு நேரே நாய்க்கால் கல் ஒன்று இருக்கிறதாம், புகைப்படமும் கூடவே. கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை. என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. நான் செய்த பாவம் அது ஒன்றுதான்.

"மச்சான், ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்றார் அத்தான்.

"டேய், போறதுதான் போற, இருக்கிற முப்பத்திரண்டையும் வண்டியில ஏத்திட்டுப் போய் அந்தத் தெருவுலயே பதிச்சுட்டு வந்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே இரண்டு நாளைக்கு வேண்டிய ரொட்டியையும் கட்டிக் கொடுத்தாள்.

புதன் காலையில் கிளம்பினோம். ஆற அமரப் போனாலும் ஒரு நாளில் போய்ச் சேர்ந்திருக்கலாம். அத்தான் விட்டால்தானே! எங்கே பழைய நடைபாதையைப் பார்த்தாலும், "நிறுத்து, நிறுத்து!" ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்த பல் பார்க்கும் கண்ணாடியோடு இறங்கி, நடுரோட்டில் முழங்கால் போட்டுக் கல்லுக்குக் கல் சந்தில் எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் பங்க் ஒன்றில், "சாருக்கு என்ன தொலைஞ்சு போச்சு?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். "புத்தி" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்கா முகத்துக்காக விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு அந்தத் தெருவில் வேனை நிறுத்தினோம். வாசலுக்கு நேரே கல் இருந்தது. நாலு விரலும் நடுவில் அமுங்கிய உள்ளங்காலும், நேற்றுத்தான் அந்த நாய் மிதித்துவிட்டு ஓடியது போல அச்சாகப் பதிந்திருந்தது. அத்தான் அதைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. 

தெருப் பிரிவு எழுத்தர் அம்மா நல்லவர். சிரித்த முகம்.

"தாராளமா எடுத்துக்கலாம் சார். இலவசம்தான். ஆனா உபயோகமுள்ள பொருளைச் சும்மா தூக்கிக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. உபயோகமற்றதுன்னு நிரூபிக்கணும்."

"யாரும்மா நிரூபிக்கணும்?"

"கேக்கிறவங்கதான். மூணு பிரதி."

படிவத்தில் இப்படி அச்சடித்திருந்தது: 'மேற்படி செங்கல் அழகோ, பழமையோ, பயனோ, வேறு எவ்விதச் சிறப்போ அறவே இல்லாதது என்று உளமார உறுதி கூறுகிறேன்.' அத்தானின் பேனா அந்தரத்தில் நின்றது. கடைவாய்ப் பல்லை ஒரே இழுப்பில் எடுக்கிறவர் ஒரு கையெழுத்துக்கு இப்படித் திணறி நான் பார்த்ததே இல்லை.

"இதுல எப்படிடா கையெழுத்துப் போடறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே."

"போடுங்க அத்தான். கல்லுக்குப் படிக்கத் தெரியாது."

போட்டார். மூன்று தடவை. பொறியாளர் டேப்போடு வந்து கல்லை அளந்தார், 'நாய் மிதித்ததால் பழுது' என்று குறித்துக்கொண்டார். காரியம் முடிந்தது. ஆளுயரக் கடப்பாரையால் ஒரு தொழிலாளி கல்லைப் பெயர்த்து அத்தான் கையில் கொடுத்தார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் செங்கல் சேர்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காதே!

"இந்தத் தெருவோட அருமை உங்களுக்குத் தெரியாது சார்! அத்தனை கல்லும் ஒரே சூளை, ஒரே வருஷம், ஒரே மண்ணு!" என்றார் அத்தான்.

பொறியாளர் நின்றார். "ஒரே மண்ணா? அப்போ இந்தக் கல்லு உபயோகமற்றதுன்னா மிச்சக் கல்லும் உபயோகமற்றதுதானே?"

"அது வந்து..."

"நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. உபயோகமற்ற தெருவைப் பொதுமக்கள் உபயோகிக்கக் கூடாது."

பத்தே நிமிஷத்தில் தெருவின் இரண்டு முனையிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். வேறு எந்த வேலையும் அங்கே அந்த வேகத்தில் நடந்து நான் பார்க்கவில்லை. அலுவலகத்துக்கும் அந்தத் தெரு ஒன்றுதான் வழி. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாது, வெளியே டீ குடிக்கப் போனவர்கள் உள்ளே வர முடியாது. டீ குடிக்கப் போனவர்களே அதிகம் என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை. கயிற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டது என் வேன்.

"தெரு உபயோகமுள்ளதுன்னு மறுபடி எழுதிக் கொடுங்க, வண்டியை எடுத்துக்கலாம்" என்றார் எழுத்தர் அம்மா, ஜன்னல் வழியாக.

"எழுதித் தரேம்மா!" என்றேன்.

"அப்போ கல்லை வச்சிட்டுப் போகணும். உபயோகமுள்ள கல்லாச்சே."

அத்தான் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார். கல்லை விட்டால் பெஞ்சு, விடாவிட்டால் வேன் போச்சு. வெள்ளிக்கிழமை முழுக்க இந்தப் பேச்சே ஓடியது. ஏழெட்டுத் தடவை கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அவருக்கே மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். உபயோகமற்ற தெருவில் குப்பை வண்டி மட்டும் போகலாமாம். என் வேன் ஒரு குப்பை வண்டி என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம். மூன்று பிரதி.

இப்போது என் பேனா அந்தரத்தில் நின்றது. தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற வண்டி!

"போடு மச்சான். வண்டிக்கு மட்டும் படிக்கத் தெரியுமா?" என்றார் அத்தான். போட்டேன்.

குப்பை வண்டி நேரே குப்பைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும், கொட்டியதற்கு ரசீது வாங்க வேண்டும் என்றார்கள். போனோம். காவலாளி பனியனோடு, கிழிந்த குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அத்தான் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல நாய்க்கால் கல்லைத் தரையில் வைத்தார். ரசீது கிடைத்தது.

"ஐயா, இனிமே இதை எடுக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "குப்பையை எடுக்க யாருங்க அனுமதி கேப்பாங்க? வேணும்னா பின்னாடி இன்னும் கிடக்கு, அள்ளிட்டுப் போங்க."

பின்னால் போய்ப் பார்த்தோம். குவியல் ஆளுயரம் இருந்தது. நாய்க்கால், பூனைக்கால், ஆட்டுக்கால், கோழிக்கால்.

"அந்தக் காலத்துச் சூளைக்காரர் வீட்டுல நாய், பூனை, ஆடு, கோழின்னு நிறையவாம். முந்தி தோண்டின தெருக் கல்லெல்லாம் இங்கதான் வந்துச்சு. ஒரு இருநூறு தேறும். கக்கூஸுக்குப் போற வழியில சேறு, அங்க கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன்" என்றார் காவலாளி.

நான் உட்கார்ந்து சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. நல்ல பல்லைத் தப்பாகப் பிடுங்கிவிட்ட டாக்டர் மாதிரி நின்றார்.

"இருநூறு பேருக்குக் கிடைச்சா முன்வரிசை எங்கடா இருக்கும்?" என்றார்.  பிறகு காவலாளியிடம் போய், குரலைத் தாழ்த்தி, "இப்படித் திறந்து போட்டிருக்கீங்களே ஐயா. இதுக்கெல்லாம் ஒரு முறை வேண்டாமா?" என்றார்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பிராணித் தடம் பதிந்த கல் கோரும் விண்ணப்பம். தடத்தின் வகை. விரல்களின் எண்ணிக்கை. சம்பந்தப்பட்ட பிராணியின் ஆட்சேபமின்மைச் சான்று. பிராணி உயிருடன் இல்லையெனில் அதன் வாரிசின் சான்று. மூன்று பிரதிகள்.' கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், எழுத எழுத எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'மூன்று பிரதிகள்' என்பதற்குக் கீழே கோடு போட்டது நான்தான்.

காவலாளி அதை இரண்டு தடவை படித்தார். நாற்காலியை எடுத்துக் கொட்டகைக்குள் போட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டி, மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டார். அத்தான் நன்றி சொல்லிவிட்டு, தரையில் இருந்த தன் கல்லைத் தூக்கினார்.

"சார்" என்றார் காவலாளி. "விண்ணப்பம்?"

"ஐயா, இது நான் கொண்டு வந்த கல்லு! படிவம் எழுதினதே நான்தானே!"

"அப்போ விதி உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். வச்சிட்டு, திங்கக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நாங்கள் இருவரும் இல்லாமலே நடந்தது. திங்கட்கிழமை காலையில் கிடங்கு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, பாதிக் கழகம் அங்கேதான். கண் டாக்டர்கூட வந்திருந்தார். யாராவது ஒருவர் முணுமுணுக்க வேண்டுமே! "முறைன்னு ஒண்ணு இருந்தாத்தான் பொருளுக்கு மதிப்பு" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று பிரதி குறைவு, நான்காக்கலாம் என்று யோசனை சொன்னவர் கண் டாக்டர். அதற்குக் கைதட்டல் வேறு.

அக்கா போன் பண்ணினாள். "என்னடா, இன்னுமா கிளம்பல? அங்க என்னதான் பண்றீங்க?"

தெருமுனையில் அத்தான் ஒரு கையில் வாரிசுச் சான்றுக்குக் கால்ரேகை எடுக்க மைப்பெட்டியும் மறு கையில் ரொட்டித் துண்டுமாக, "ச்சூ, ச்சூ" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர், ஆளுக்கொரு ரொட்டியோடு.

"கல்லைக் கண்டாச்சுக்கா" என்றேன். "நாயைத்தான் காணோம்."