கண்டுபிடிக்கப்படாத கொடியம்மாள்

ஒரு காட்டில் கொடியம்மாள் என்ற சிலந்தி, நொச்சிப் புதரில் போர்வை விரித்ததுபோல் தட்டையாக வலை கட்டிக் குடியிருந்தாள். வலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குவதும், மேலே விழுகிற கொசுவை அடியிலிருந்தே கடித்து இழுப்பதும் அவள் குல வழக்கம். கூடவே புருஷன் சிங்காரம். வேலைவெட்டி கிடையாது; ஊரெல்லாம் தன் பேர் தெரிய வேண்டும் என்கிற நப்பாசை மட்டும் ஏராளம்.

ஒருநாள் காட்டு நிர்வாகம் தண்டோரா போட்டது: இனத்துக்கு ஒரு புதர்தான், பதிவேட்டில் பேர் இல்லாத இனங்கள் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். கொடியம்மாளுடைய முட்டைப் பை நொச்சிப் புதரில்தான் இருந்தது.

புருஷனை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே குமாஸ்தா ஓர் உடும்பு.

"யாரும்மா பேசறது? ஆளையே காணோம்!"

"மேசைக்கு அடியில தொங்கறேன் சார். எங்க குலத்துல மேலே உட்கார மாட்டோம்."

உடும்பு குனிந்து பார்த்தது. "தட்டை வலைக்காரங்களுக்குப் புதர் கொடுத்தாச்சும்மா. கனகுன்னு ஒருத்தி வாங்கிட்டுப் போயிட்டா."

"கனகு என் பெரியம்மா மகதான் சார். பேரினம் ஒண்ணு, ஆனா இனம் வேற. அவ முதுகுல மூணு புள்ளி, எங்களுக்கு நாலு."

"புது இனமா? அப்ப அத்தாட்சிக்கு ஒரு ஆளைச் சாராயப் பாட்டில்ல ஊறப்போடணும்."

கொடியம்மாள் பின்வாங்கினாள். சிங்காரம் முன்னால் வந்தான். "பாட்டில் மேல என் பேர் எழுதுவீங்களா?"

"கொட்டை எழுத்துல."

"ஏங்க, வேணாங்க!" என்று அவள் கத்துவதற்குள் பாட்டிலுக்குள் 'தொப்' என்று சத்தம் கேட்டது. உபயோகமில்லாத புருஷன்தான், ஆனாலும் அவளுடைய புருஷன். எட்டுக் கண்ணாலும் அழுதாள்.

உடும்பு நிதானமாக எழுதிக்கொண்டே வாசித்தது: "நாலு புள்ளிச் சிலந்தி, புது இனம். ஆண் ஒன்று. பெண் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நொச்சிப் புதர் இந்த இனத்துக்கே சொந்தம்."

"நான் இங்கதானே சார் தொங்கறேன்!"

"தொங்கறீங்க. பாட்டில்ல இல்லையே! உங்களையும் சேர்க்கணும்னா இன்னொரு பாட்டில் காலியா இருக்கு."

கொடியம்மாள் கண்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். யோசித்தாள்.

"புதரைக் காலி பண்ணச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வருமா சார்?"

"கண்டுபிடிக்கப்படாத ஆளுக்கு எப்படிம்மா நோட்டீஸ் அனுப்பறது?"

"வேற யாராவது வந்து புதரைக் கேட்டா?"

"கேட்க முடியாது. அது உங்க வீட்டுக்காரர் இனத்தோடது."

கொடியம்மாள் பாட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் நூற்றுப் பத்துக் குஞ்சுகள் பொரிந்தன. இன்றுவரை நிர்வாகம் அவற்றில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

நீதி: அரசாங்கப் பதிவேட்டில் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.